பத்தொன்பதாவது ஆள்

டாரக்
18 மார்ச் 1957

க்ளெமுக்கு,

என் மகன் வில்கா ஃபுட்பால் டீமுக்குக் கோச்சாகப் போகிற செய்தி எனக்கு இறைச்சிக் கடையில் கிடைத்தது. கடைக்காரன் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "பாஸ்கோம்மா, இனிமே எந்தக் கலரு ஜெர்சி துவைக்கப் போறீங்க? நம்ம செவப்பா, அவங்க பச்சையா?"

கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. பெற்றவளைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கட்டி வைத்த கறியை எடுக்காமலே வந்துவிட்டேன். அன்றைக்கு உன் தம்பி நெவ்வுக்கு முட்டைதான்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் பொறுத்திருப்பேன். வில்கா. உன் அப்பாவின் மூக்கை உடைத்த ஊர். நாம் கோப்பை ஜெயித்த வருஷம் நம் கொடிக்கம்பத்தை ரம்பம் போட்டு அறுத்த ஊர்.

நீ பதினேழு வயதில் மெல்போர்னுக்கு ரயிலேறியபோது டாரக் முழுக்க ஸ்டேஷனில் நின்றது. ஏழு வருஷம் அங்கே பெரிய கிளப்புக்கு நம் ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடினாய். ஒருத்தன் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பி நீ பந்தைக் கையால் பிடித்த படம் பேப்பரில் வந்ததே, அதை பேக்கரிக்காரன் ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தான். நேற்று அதைக் கிழித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன் செய்யாதே. எக்ஸ்சேஞ்சில் லைன் போட்டுத் தருகிற மிஸ் கிட்டோ மூச்சுவிடுவது எனக்கே கேட்கும். அவள் கேட்டால் ஊர் கேட்ட மாதிரி. சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. வாசலுக்கும் வராதே. நீ பச்சைக்கு வேலை பார்க்கிறவரைக்கும் என் கதவு தாழ் போட்டபடிதான் இருக்கும்.

வினி பாஸ்கோ


வில்கா
24 மார்ச்

அம்மாவுக்கு,

முழுப் பெயர் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். வங்கியிலிருந்து வந்த கடிதமோ என்று உன் மருமகள் பெரில் பயந்துவிட்டாள்.

முழங்கால் போனதும் நான் முதலில் போய் நின்றது டாரக்கில்தான். நம் கிளப் தலைவர் டன்ஸ்டனை மதுக்கடையில் பார்த்து, "இனி ஆட முடியாது. கோச்சா இருக்கேன். வேலை ஒண்ணு பார்த்துக் குடுங்க" என்று கேட்டேன். நாலு பேர் முன்னால் அவர் சொன்னது இது: "நொண்டிக் குதிரைக்கு யாருப்பா ஓட்ஸ் போடுவா? வேணும்னா கேட்ல நின்னு டிக்கெட் கிழி."

இதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ கிளப்பை வெறுக்க வேண்டும், இல்லாவிட்டால் என்னை நம்பாமல் இருக்க வேண்டும். இரண்டையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஒரு வாரம் கழித்து வில்காவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கோதுமை சேமித்து வைக்கிற சைலோவில் எனக்கு ஒரு வேலை. அதற்குப் பின்னால் ஒரு வீடு, நான் கோச்சாக இருக்கிறவரைக்கும். பெரில் வீட்டுக்குள் போய் ஒவ்வொரு அறைக் கதவையும் திறந்து திறந்து பார்த்தாள். நான் சரி என்றேன்.

நோரீன் ஐந்து வயதுக்கு அதிகமாகப் பேசுகிறாள். பாட்டி எப்போது வருவாள் என்று தினம் ஒரு தடவை கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

க்ளெம்


டாரக்
2 ஏப்ரல்

க்ளெமுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து எல்லாரும் படியிறங்கும்போது டன்ஸ்டனைப் பிடித்தேன்.

"எம்புள்ளைய நொண்டிக் குதிரைன்னு சொன்னியாமே?"

"அய்யோ வினி, அது சும்மா தமாஷுக்குச் சொன்னது."

"யாரு சிரிச்சா?"

தொப்பியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றான். பாதிரியார் வந்து மழையைப் பற்றிப் பேசி அவனைக் காப்பாற்றினார்.

ஆக, நீ சொன்னது உண்மை. உன்னை நம்பாமல் இருந்ததாக நினைக்காதே, சரிபார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் டன்ஸ்டன் மடையன் என்பதற்காகக் கிளப்பை என்னால் விட முடியாது. தலைவர்கள் வருவார்கள், போவார்கள். திங்கள்கிழமை என் கொல்லைக் கொடியில் காய்வது டன்ஸ்டன் இல்லை. உன் அப்பா போட்ட ஜெர்சி, நீ போட்டது, இப்போது நெவ் போடுவது. நீ கோபித்துக்கொண்டு என் அடுப்படிக்கு வந்து கத்தியிருக்க வேண்டும். வில்காவுக்குப் போயிருக்கக் கூடாது.

நோரீனைக் கூட்டிவா. அவளுக்குக் கதவு திறக்கும். கொண்டுவருகிறவன் கேட்டுக்கு வெளியே நிற்கட்டும்.

அம்மா


வில்கா
10 ஜூன்

அம்மாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் பெரில். உன் கடிதத்தை அவளிடம் காட்டியது என் தப்பு. "எம் புருஷன் நிக்கிற எடத்துலதான் எம் பொண்ணும் நிப்பா" என்று சொல்லிவிட்டு, நாள் முழுக்கப் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் பந்து மாதிரி கிடக்கிறேன்.

சனிக்கிழமை ஆட்டத்தை நீயே பார்த்தாய். மைதானத்தைச் சுற்றி உன் பக்கம் உங்கள் கார்கள், என் பக்கம் எங்கள் கார்கள். டாரக் ஒவ்வொரு கோல் அடிக்கும்போதும் உன் பழைய டாட்ஜ் கார் அடிக்கிற ஹார்ன் எனக்குத் தனியாகக் கேட்டது. சளி பிடித்த மாடு மாதிரி. பதினோரு தடவை கேட்டேன். நோரீன் லாரிக் கூரையில் ஏறி நின்று உன்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நீ ஆட்டவில்லை.

எனக்குப் பந்தைப் பிடிக்கத் தெரியும் அம்மா. பிடிக்கச் சொல்லித்தரத் தெரியவில்லை. எல்லைக் கோட்டோரம் ஓடி ஓடிக் கத்துகிறேன். கத்தக் கத்தப் பையன்கள் மோசமாக ஆடுகிறார்கள். மைதானத்துக்குள் நான் இருந்தால் ரெண்டு எட்டில் சரிசெய்துவிடக்கூடிய விஷயம். வெளியே நின்று பார்ப்பது, கையைக் கட்டிப்போட்டுச் சோறு முன்னால் வைத்த மாதிரி இருக்கிறது.

ஆட்டம் முடிந்து கொட்டகையில் யாரும் என்னோடு பேசவில்லை. கேப்டன் ஹைன்ஸ் மட்டும் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "ஊருக்குள்ள பேசிக்கிறாங்க கோச். அவன் அம்மா அங்க ஜெர்சி துவைக்கிறா, அவன் தம்பி அங்க ஆடுறான், அவன் எப்படி நமக்காக ஜெயிப்பான்னு."

"நீ என்ன நெனைக்கிற?"

"நான் ஒண்ணும் நெனைக்கல. நெனைக்காம இருக்கவும் முடியல."

இந்த வருஷம் கோப்பை ஜெயிக்காவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகக் கமிட்டி சொல்லிவிட்டது. வேறு ஆள் என்றால் வீடும் வேறு ஆளுக்குத்தான். அங்கே போனால் கதவு தாழ். இங்கே இருந்தால் சந்தேகம். எந்த ஊர்க்காரன் நான்?

க்ளெம்


டாரக்
14 ஜூன்

க்ளெமுக்கு,

நான் கை ஆட்டினேன். நீ ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நோரீன் பார்த்தாள், அவளைக் கேள். பச்சைத் துணியைக் கழுத்தில் சுற்றிவிட்டிருந்தாலும் குழந்தை குழந்தைதானே.

பெரிலிடம் சொல், அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், அதனால் இன்னும் பிடிக்கவில்லை.

ஹார்ன் பதினோரு தடவை இல்லை, பன்னிரண்டு. கடைசி கோலுக்கு நீ காதைப் பொத்திக்கொண்டாயோ என்னவோ.

உன் பையன்களைப் பற்றி. சிரிப்புதான் வந்தது. பந்து மேலே வரும்போது ஒருத்தனும் பந்தைப் பார்க்கவில்லை, நீ என்ன கத்துகிறாய் என்று உன்னைப் பார்க்கிறார்கள். நம் பழைய நாயை ஞாபகமிருக்கிறதா? உன் மாமா சதா விசிலடித்து விசிலடித்து, கடைசியில் அது ஆட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உன் டீம் அந்த நாய். இப்படியே கத்து. எங்களுக்கு நல்லது.

அம்மா


வில்கா
19 ஆகஸ்ட்

அம்மாவுக்கு,

வாயை மூடிக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த அடுத்த சனிக்கிழமை, ஆட்டம் தொடங்குவதற்கு முன் பையன்களைக் கூப்பிட்டு, "இன்னைக்கு நான் ஒரு வார்த்தை பேசப்போறதில்ல. நடுவுல யாராவது என்னைத் திரும்பிப் பார்த்தா அடுத்த வாரம் வெளிய" என்றேன். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தேன். நாலு பகுதியில் முதல் பகுதியிலேயே நாற்பது பாயிண்ட் விட்டுக்கொடுத்தோம், என் நாக்கில் ரத்தம் வராத குறை. மூன்றாவது பகுதியில் அவர்களே ஒருத்தனை ஒருத்தன் கூப்பிட ஆரம்பித்தார்கள். அன்றைக்குத் தோற்றோம். அதற்கப்புறம் தோற்கவில்லை. போன சனிக்கிழமை உங்களையே உங்கள் மண்ணில் தோற்கடித்தோம்.

பேசுவதெல்லாம் இப்போது செவ்வாயும் வியாழனும் பயிற்சியில்தான். ஒவ்வொருத்தனாகத் தனியாகக் கூப்பிட்டு. ஹைன்ஸ் இடது காலால் உதைக்கக் கற்றுக்கொண்டுவிட்டான், முப்பது வயதில். அது பந்தை நானே பிடித்ததைவிட நன்றாயிருந்தது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

நாய்க்கு நன்றி.

க்ளெம்


டாரக்
22 ஆகஸ்ட்

க்ளெமுக்கு,

அந்தக் கடிதத்தை எழுதியதற்கு என் கையில் நானே சூடு போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த விஷயம் டாரக்கில் யாருக்கும் தெரியக் கூடாது. நெவ்வுக்கும்தான். இறுதி ஆட்டம் எங்களுக்கும் உங்களுக்கும்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது முடிகிறவரை எழுத மாட்டேன். நீயும் எழுதாதே. உதவி மாதிரி ஏதாவது என் பேனாவிலிருந்து விழுந்து தொலைக்கப் போகிறது.

வினி பாஸ்கோ


வில்கா
22 செப்டம்பர்

அம்மாவுக்கு,

கோப்பைக்கு வாழ்த்து. மனதாரச் சொல்கிறேன். நாலு பாயிண்ட் என்றாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான்.

நீ இதைப் படிக்காமல் அடுப்பில் போட்டாலும் போடுவாய். போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் கேள்.

மூன்றாவது பகுதியில் நெவ்வின் நெற்றி பிளந்து அவனைத் தூக்கிப்போனபோது பெட்டியை விட்டு எழுந்துவிட்டேன். உன் கார் பக்கம் ஓடி வரலாமா என்றுகூடப் பார்த்தேன். உங்கள் மாற்று ஆட்டக்காரன் உள்ளே போனான். போனவன் போனவன்தான், மாற்று ஆள் இறங்கிய பிறகு பழைய ஆள் திரும்ப வர முடியாது. சரி, அவன் ஆட்டம் முடிந்தது, பத்திரமாகப் படுத்திருப்பான் என்று நினைத்தேன்.

கடைசிப் பகுதி. பத்து நிமிஷம் பாக்கி. நீங்கள் பன்னிரண்டு பாயிண்ட், அதாவது ரெண்டு கோல், முன்னால். காற்று வடக்கிலிருந்து புழுதியை வாரி அடித்தது. அந்தப் புழுதியில் உங்கள் சிவப்பு ஜெர்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ இடித்தது. எண்ணினேன். பத்தொன்பது. ஒரு அணிக்குப் பதினெட்டுப் பேர்தான். கண்ணைத் துடைத்து மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.

அந்த விதி உனக்குத் தெரியும். எதிர் அணிக் கேப்டன் கேட்டால் அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் வரிசையில் நிறுத்தி எண்ண வேண்டும். பதினெட்டுக்கு மேல் ஒருத்தன் இருந்தால், அந்த அணி அதுவரை எடுத்த பாயிண்ட் அத்தனையும் பூஜ்ஜியம். அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேனே தவிர, யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மெல்போர்னிலும் பார்த்ததில்லை.

என் பெட்டியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். நான் வாயைத் திறந்தால் உன் ஊரின் ஒரு வருஷம் போச்சு. திறக்காவிட்டால் என்னை நம்பின இந்தப் பதினெட்டுப் பையன்களின் வருஷம் போச்சு. இங்கே யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை.

ஹைன்ஸ் கோட்டோரம் வந்தபோது சொன்னேன்: "எண்ணச் சொல்லு."

"என்ன கோச்?"

"அம்பயர்கிட்டப் போய் தலை எண்ணச் சொல்லுடா."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஓடினான்.

மற்றது உனக்குத் தெரியும். நிறுத்தினார்கள், வரிசை கட்டினார்கள், அம்பயர் விரலை நீட்டி நீட்டி எண்ணினார். பதினெட்டு. சரியாகப் பதினெட்டு. உங்கள் பக்கத்துக் கார்கள் அத்தனையும் என்னைப் பார்த்து ஹார்ன் அடித்தது இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் செயலாளர் பின்னாலிருந்து, "எண்ணத் தெரியாதவனையா நாம சைலோவுல லாரி எண்ண வெச்சிருக்கோம்?" என்றார்.

புழுதியில் கண் ஏமாற்றியிருக்கிறது. ஆனால் அம்மா, உன் கிளப்பை எல்லார் முன்னாலும் திருட்டு ஆட்டம் ஆடுகிறவர்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஒன்று சொல்லட்டுமா? பதினெட்டு என்று கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அந்த மாதிரி ஜெயித்திருந்தால் அந்தக் கோப்பையில் எவன் பீர் குடிப்பான்?

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடுகிறது. பெரில் சாமான்களைக் கட்டலாமா என்று கேட்டாள். நெவ்வுக்கு எத்தனை தையல்? நோரீனுக்கு நேற்றிலிருந்து ஒரே பேச்சு, பாட்டி சித்தப்பாவைக் கோட்டுக்குள் போட்டுக் கொண்டுபோனாளாம். வெயிலில் நின்று கிறுகிறுத்திருக்கும்.

க்ளெம்


டாரக்
24 செப்டம்பர்

க்ளெமுக்கு,

உன் மகளுக்குக் கண் நன்றாக இருக்கிறது. உனக்கும்தான். பத்தொன்பது பேர் இருந்தார்கள்.

நெவ்வுக்கு ஆறு தையல். தகரக் கொட்டகையில் படுக்க வைத்து நான் பக்கத்திலேயே இருந்தேன். தூங்குகிறான் என்று நினைத்து, கோல் எண்ணிக்கை பார்க்க ஒரு நடை காருக்கு வந்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் வேலியைத் தாண்டி உள்ளே நிற்கிறான். அடிபட்டது ஞாபகமில்லை, மாற்று ஆள் இறங்கியது தெரியாது. ஓட்டைப் பானை மாதிரித் தலையைக் கட்டிக்கொண்டு, பின் மூலையில், எங்கள் கார்களுக்கு முன்னால், பந்து எங்கே என்றுகூடப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து நின்றான். பந்து முழுக்க அந்தக் கோடியில். ஒரு தடவைகூட அவன் அதைத் தொடவில்லை, அதை எழுதிக்கொள்.

வேலியோரம் போய், "டேய் நெவ், வெளிய வாடா" என்றேன். "சும்மா இரும்மா, மேட்ச் நடக்குது" என்கிறான்.

அப்போது உன்னைப் பார்த்தேன். நீ எண்ணும்போது சின்ன வயதிலிருந்தே உதடு அசையும். எழுந்தாய், உட்கார்ந்தாய், எழுந்தாய்.

எனக்கு என்ன தோன்றியது என்று சொல்கிறேன். பாதி மனது, என் பிள்ளை பேசாமல் இருக்கட்டும் என்றது. இன்னொரு பாதி, அவன் பேசாமல் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அவன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றது. அந்த ஊர்க்காரர்கள் வீடு கொடுத்திருக்கிறார்கள், பையன்களை உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் ஊர் என்று நீ வாயை மூடிக்கொண்டால், உன்னைப் பற்றி அவர்கள் சந்தேகப்பட்டது சரியாகிவிடும். அந்தச் சந்தேகத்துக்கு நானே காரணமாகியிருப்பேன்.

நீ ஹைன்ஸைக் கூப்பிட்டாய். அப்பாடா என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மூச்சு விட்டேன்.

விட்ட மறு நிமிஷம் எங்கள் கோப்பை போகப்போகிறது என்று உறைத்தது. வேலிக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். அம்பயர் விசிலடித்ததும் எல்லாரும் நடு மைதானத்தைப் பார்த்தார்கள். என் கோட்டைக் கழற்றி நெவ் தலையோடு போட்டு மூடி, இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "இருட்டா இருக்கே, ஆட்டம் முடிஞ்சிருச்சா?" என்றான். "முடிஞ்சுது, வா" என்றேன். டாட்ஜின் பின் சீட்டில் தள்ளி அவன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் இருபது முப்பது பேர் பார்த்தார்கள். டன்ஸ்டன் பார்த்தான். யாரும் வாயைத் திறக்கவில்லை, ஹார்னைத்தான் அழுத்தினார்கள்.

அம்பயர் எண்ணும்போது பதினெட்டு இருந்தது. விதியில் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறது. நீ உன் வேலையைச் செய்தாய், நான் என் வேலையைச் செய்தேன். மன்னிப்பை உன்னிடமே வைத்துக்கொள், எனக்கு வேண்டாம்.

கமிட்டி என்ன சொல்கிறது என்று உடனே எழுது. போன் செய்தாலும் சரி. மிஸ் கிட்டோ கேட்டால் கேட்கட்டும்.

அம்மா


வில்கா
26 செப்டம்பர்

அம்மாவுக்கு,

போன் செய்யாததற்குக் காரணம், உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து நானும் பெரிலும் பேச ஆரம்பித்தால் சிரிப்பில்தான் முடிகிறது. அவன்மேல் உட்கார்ந்துகொண்டேன் என்கிற இடத்தைப் பெரில் மூன்று தடவை படிக்கச் சொன்னாள். நோரீனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான்தான் சொன்னேன்ல" என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

செவ்வாய்க்கிழமை சைலோ வேலை முடிந்து நேராகக் கூட்டத்துக்குப் போனேன். சாவியைக் கையிலேயே எடுத்துப்போயிருந்தேன். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "க்ளெம், நீ எண்ணினது தப்பு. அதைப் பத்தி இந்த ஊர் சாகுறவரைக்கும் உன்னைக் கிண்டல் பண்ணும், தயாரா இரு" என்றார். சரி என்றேன்.

"ஆனா அங்க உன் அம்மா உக்காந்திருக்காங்க. உன் தம்பி ரத்தத்தோட கிடக்கான். அப்ப நமக்காக எண்ணச் சொல்லிக் கேட்ட பாரு."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஹைன்ஸ்தான் முடித்துவைத்தான்: "இன்னும் மூணு வருஷம் இவர்தான் கோச். யாருக்காச்சும் ஆட்சேபம் இருக்கா?" யாருக்கும் இல்லை.

பிறகு வீட்டுக்குப் போய்ச் சாவியைப் பெரில் கையில் கொடுத்தேன். கட்டி வைத்திருந்த தட்டுகளை அவள் ஒவ்வொன்றாக மறுபடி அலமாரியில் அடுக்கினாள், மெதுவாக, ஒன்றுக்கும் அவசரமில்லாதவள் மாதிரி.

பத்தொன்பது என்பதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை. எண்ணத் தெரியாத கோச் என்ற பெயர் எனக்குப் பாரமாக இல்லை.

பாட்டி எப்போது வருவாள் என்று நோரீன் கேட்கிற கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

க்ளெம்


டாரக்
30 செப்டம்பர்

க்ளெமுக்கு,

மூன்று வருஷம் என்ற வரியை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். நெவ், "என்னம்மா, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றான். "இல்லடா, பொழைச்சுட்டாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் நான் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். நெவ்வும் வருகிறான், அவன் தலையைக் குலுக்காமல் ஓட்ட வேண்டும் என்பதால் நேரமாகும். கறி நான் கொண்டுவருகிறேன். கடைக்காரனிடம், "பெரிய துண்டா வெட்டு, வில்காவுக்குப் போறேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லி வாங்கப்போகிறேன். உருளைக்கிழங்கு பெரில் பொறுப்பு. அவளிடம் சொல், நான் குறை சொல்ல மாட்டேன். சொன்னாலும் அவள் திருப்பிச் சொல்லலாம்.

நோரீனுக்குப் பச்சை ஸ்கார்ஃபே இருக்கட்டும். எங்கே பிறந்திருந்தாலும் அவள் வளர்கிற இடம் வில்காதான். என் பேத்தி ஐந்து வயதில் அம்பயர் பார்க்காததைப் பார்த்திருக்கிறாள். அதை இந்த ஊரில் யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியவில்லை. அங்கே வந்து அவளிடமே சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள். இந்தப் போக்குவரவெல்லாம் ஏப்ரல் வரைக்கும்தான். முதல் ஆட்டம் தொடங்கிவிட்டால் சனிக்கிழமைகளில் நீ யாரோ, நான் யாரோ. ஞாயிற்றுக்கிழமை மறுபடி உன் அம்மா.

அம்மா